கிளாப் கேட்கும்வரை

ரோலிங் சொன்னார்கள், ஆக்‌ஷன் சொன்னார்கள், அதோடு பங்களாவில் இருந்த அத்தனை வாயும் மூடிக்கொண்டது. இனி பதினொரு நிமிடம் நான் அசையக்கூடாது. ஜன்னலைப் பார்த்துப் போட்ட சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணுக்கு முன்னால் ஜன்னல், அதற்கு வெளியே பனி. கோத்தகிரியிலிருந்து இங்கே ஏறி வரும்போது பார்த்த தேயிலைத் தோட்டம் முழுக்க அந்தப் பனிக்குள் போய்விட்டது. முதுகுக்குப் பின்னால் நீளமான நடை, அதன் மறுகோடியில் ட்ராலி மேல் கேமரா, கேமராவுக்கு முன்னால் கையில் அரிக்கேன் விளக்கோடு பார்கவி. அவள்தான் இந்தப் படத்தின் ஹீரோயின். அந்தப் பெண் ஒவ்வொரு கதவாக நின்று நின்று மெதுவாக நடந்து வருவாள், கேமரா அவளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து வரும், கடைசியில் என் தோளைத் தொடுவாள், அங்கே ஷாட் முடியும். என் முகம் தெரியாது. தெரிவதெல்லாம் கொண்டை, கொஞ்சம் தோள், நாற்காலியின் கைப்பிடி மேல் வைத்திருக்கிற வலது கை, அவ்வளவுதான். வழக்கமாக ஷாட் ஆரம்பிக்கும்போது கிளாப் அடிப்பார்கள். பட்டென்று தட்டினால் பார்கவி வரவழைத்திருக்கிற தூக்கக் கலக்கம் கலைந்துவிடும் என்று இந்த ஷாட்டுக்கு மட்டும் கடைசியில் வைத்திருக்கிறார்கள். அஸிஸ்டென்ட் டைரக்டர் முல்லைக்கொடி வந்து என் காதோரம் சொல்லிவிட்டுப் போனாள், "வேதம்மா, கிளாப் சத்தம் கேக்கற வரைக்கும் அசையாதீங்க. கேட்டப்புறம் உங்க இஷ்டம்." என்னிடமே அசையாதே என்று சொல்கிறாள் பாருங்கள். வேதவல்லி என்றால் இண்டஸ்ட்ரியில் யாருக்கும் தெரியாது, பொணம் வேதவல்லி என்றால் வடபழனியில் டீக்கடைக்காரர்கூட வழி சொல்லுவார்.

முப்பத்தோரு வருஷமாகச் செத்துக்கொண்டிருக்கிறேன். கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கத்தான் வந்தேன். ஒருநாள் பாடையில் படுக்க வேண்டிய அம்மாள் வரவில்லை, ஏஜென்ட் என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார். நாலு பக்கமும் ஒப்பாரி, மூக்கு மேல் ஈ, நான் இமைகூட அசைக்கவில்லை. அன்றைக்கே என் தலையெழுத்து முடிவாகிவிட்டது. மூச்சை நெஞ்சில் விடக்கூடாது, விலாப்பக்கம் விட வேண்டும், அதுவும் புடவை மடிப்புக்குள்ளேயே அடங்கிப்போகிற அளவுக்கு. அது உடம்பு சமாச்சாரம், பழகினால் வந்துவிடும். மனசுதான் கஷ்டம். மனசு ஊர் சுற்றப் போனால் புருவம் கூடவே போய்விடும். அதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன், சமைப்பேன். ரசம் என்றால் மூன்று நிமிடம், கூட்டு என்றால் நாலு நிமிடம், மனசுக்குள்ளேயே அடுப்பைப் பற்ற வைத்து இறக்கி மூடுகிற வரைக்கும் ஒன்றுவிடாமல் செய்தால் நேரம் கணக்காகப் போய்விடும், முகமும் அமைதியாக இருக்கும். எத்தனை படத்தில் என் முகத்தைப் பார்த்து, என்ன சாந்தம், மகராசி என்று ஜனங்கள் அழுதிருப்பார்கள். அந்த மகராசி உள்ளே அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். பதினொரு நிமிடத்துக்கு என்ன சமைப்பது என்று நேற்றே யோசித்து வைத்துவிட்டேன், எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு. பிஞ்சுக் காயாகப் பார்த்து எட்டு எடுத்தாயிற்று. காம்பை விட்டுவிட்டு நாலாகக் கீறித் தண்ணீரில் போட்டாயிற்று. புளி ஊறுகிறது. வாணலியில் தனியா, மிளகாய், கடலைப்பருப்பு, கொஞ்சம் எள். பின்னால் பலகைத் தரை கிர்ரென்றது, பார்கவி முதல் கதவுக்கு வந்துவிட்டாள்.

கை இன்னும் ஆடவில்லை. ஆடவில்லை என்று நினைத்ததுமே அதற்குக் கேட்டுவிடும், நினைக்காதே வேதா. எள் வெடிக்கிறது, அடுப்பைக் குறை. ஆறு மாசமாக இந்த வலது கை என் பேச்சைக் கேட்பதில்லை. முதலில் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து திருநீறு எடுப்பது மாதிரி ஒன்றோடு ஒன்று உரசும், அப்புறம் மணிக்கட்டு. வேலை செய்யும்போது ஒன்றும் இல்லை, காய் நறுக்குவேன், கோலம் போடுவேன். சும்மா வைத்திருந்தால்தான் ஆடும். நான் சும்மா இருந்து சம்பாதிக்கிறவள், எனக்கென்று பார்த்து வந்திருக்கிறது. டாக்டர் நரம்பு என்றார், மாத்திரை எழுதிக் கொடுத்தார், வேளை தவறாமல் போடுங்கள் என்றார். காலையில் எட்டு மணிக்குப் போட்டால் மதியம் ஒரு மணிவரை கை பெட்டிப் பாம்பாக இருக்கும். ஒரு மணிக்கு அடுத்ததைப் போட வேண்டும். ஆனால் என் பை காஸ்ட்யூம் வேனில் இருக்கிறது, வேன் சாப்பாடு எடுத்துவர கோத்தகிரிக்குப் போய் மரம் விழுந்த பாதையில் மாட்டிக்கொண்டது. இப்போது மூன்றரை. காலையிலிருந்து வராத பனி இப்போதுதான் வந்து ஜன்னலில் ஒட்டியிருக்கிறது. இன்றைக்குத்தான் பங்களாவில் கடைசி நாள், புகை மெஷின் வைத்து எடுக்க மாட்டேன் என்று டைரக்டர் ஒற்றைக்காலில் நிற்கிறார், இந்தப் பனி போய்விட்டால் அவ்வளவுதான். எனக்கு மாத்திரை வேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. சொன்னால் இந்த நாற்காலியில் வேறு யாரையாவது உட்கார வைப்பார்கள். அதுகூடப் போகட்டும், கீழே இறங்குவதற்குள் சென்னைக்குச் செய்தி போயிருக்கும். ஆடுகிற பொணத்தை யார் கூப்பிடுவார்கள்? போன படத்திலேயே மாட்டிக்கொள்ள இருந்தேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள், ஷாட் ஆரம்பிக்கப்போகிற நேரம், கண்ணை மூடியிருக்கிறேன், விரல் உரச ஆரம்பித்துவிட்டது, அழ நின்ற கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், எனக்கு உயிர் போய்விட்டது. அடுத்த நொடி யாரோ ஒரு பெரிய ரோஜா மாலையைத் தூக்கி என் கை மேலே போட்டார்கள். ஆர்ட் டிபார்ட்மெண்ட் ஆளாக இருக்கும், மாலை இடம் மாறிவிட்டது என்று சரி செய்திருப்பார். யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். மாலை கனமாக இருந்ததால் கை அடங்கிவிட்டது. இன்றைக்கு மாலை இல்லை. புளி கரைத்தேனா? எள் வரைக்கும் வந்தேன். கரைக்கவில்லை.

இரண்டாவது கதவு. அந்தப் பெண் நன்றாக நடக்கிறாள், காலைத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுக்கிறாள். இந்த மாதிரிப் பேய்ப் படம் எனக்குப் புதுசு. நான் பேயாகவும் நடித்திருக்கிறேன். அந்தக் காலத்துப் பேய்க்கு எவ்வளவு வேலை! வெள்ளைப் புடவை, தலைவிரி கோலம், கண்ணைச் சுற்றி மை, பக்கத்தில் ஓர் ஆள் முழங்காலில் உட்கார்ந்து கொலுசை ஆட்டுவார், முன்னால் ஃபேன் காற்று மூக்கில் அடிக்கும், இடுப்பில் கயிறு கட்டி இழுப்பார்கள். ஒரு தரம் கயிறு அறுந்து மாட்டுக் கொட்டகையில் போய் விழுந்தேன். இந்த டைரக்டர் இளம்பரிதி தம்பி படத்தில் அதெல்லாம் இல்லை. முதல் நாள் என் பக்கத்தில் தரையில் குந்தி உட்கார்ந்து கதை சொன்னார். முப்பத்தைந்து வயசு இருக்கும், முகத்தில் எப்போதும் பாதித் தூக்கம். "அம்மா, நம்ம பேய் ஒண்ணும் பண்ணாது. கத்தாது, பறக்காது, யாரையும் பழிவாங்காது. செத்துப் போனதே அதுக்குத் தெரியாது. ஜன்னல்கிட்ட உக்காந்து டீ வரும்னு காத்துக்கிட்டு இருக்கு. அவ்வளவுதான்." நான் கேட்டேன், "அப்ப ஜனங்க எதுக்குத் தம்பி பயப்படணும்?"  "தெரியலம்மா. ஆனா பயப்படுவாங்க," என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. மற்ற டைரக்டர்களுக்கு எல்லாமே தெரிந்திருக்கும்.

இங்கே வந்து ஒன்பது நாளாக அந்தப் பேயைப் பற்றி நான் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்கு என்ன குறை? நல்ல நாற்காலி, சாய்ந்தால் முதுகுக்கு இதமாக இருக்கிறது. மேலே மரக்கூரை, மூலையில் கணப்பு, ஜன்னலைத் திறந்தால் தைல மர வாசனை. ஒருத்தரும் வேதா அதை எடு, வேதா இதைப் பிடி என்று கூப்பிட மாட்டார்கள். வெள்ளைக்காரன் கட்டினது, நூறு வருஷத்துக்கு மேலே ஆகிறது, ராத்திரியில் மாடியில் நடக்கிற சத்தம் கேட்கும் என்று வாட்ச்மேன் முதல் நாளே எல்லோரையும் பயமுறுத்திப் பார்த்தார். லைட்மேன்கள் இரண்டு இரண்டு பேராகத்தான் பாத்ரூம் போகிறார்கள். நான் என் அறையில் ஒண்டியாகப் படுத்து நன்றாகத் தூங்கினேன். மாடியில் யாராவது நடந்தால் நடந்துவிட்டுப் போகட்டும், வீடு அவர்களுடையதுதானே. சாலிகிராமத்தில் என் ஒற்றை அறைக்கு மேலே ஒரு மாவு மில், அதைவிட இது எவ்வளவோ மேல். காலையில் வெங்காயம் போட்ட பொங்கல், பதினோரு மணிக்கு இஞ்சி டீ, உடுத்திக்கொள்ள நாவல்பழ நிறத்தில் நிஜப் பட்டு. என் கல்யாணத்துக்குக்கூட இப்படி ஒரு புடவை இல்லை. சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். இந்தக் கை மட்டும் இல்லாவிட்டால், இந்த ஜன்னலும் பனியும் போதும் எனக்கு. மசாலாவை அரைத்தாயிற்று. கீறின காய்க்குள் அடைக்க வேண்டும், எட்டுக் காய். ஒன்று, இரண்டு. உப்பு? மசாலாவில் போட்டேன் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது கதவு. ட்ராலி நகர்கிற சத்தம் கேட்கவில்லை, தண்டவாளத்தில் நன்றாகப் பவுடர் போட்டிருக்கிறார்கள். கேமராவுக்குப் பின்னால் பெஞ்சமின் சார். அவருக்கும் எனக்கும் இருபத்தாறு வருஷப் பழக்கம், நான் செத்ததில் பாதி அவர் லென்ஸுக்கு முன்னால்தான். அதிகம் பேச மாட்டார். ஆனால் ஒன்று மட்டும் விடவே மாட்டார். சினிமாவில் செத்தவர்களை அப்படியே விட்டுவிட்டுப் பேக்கப் சொல்லக்கூடாது என்று ஒரு சாங்கியம் உண்டு. பொணமாகப் படுத்தாலும் சரி, போட்டோவுக்கு மாலை போட்டாலும் சரி, ஷாட் முடிந்ததும் கேமராவை நிறுத்தாமல் அவர்களைச் சிரிக்க வைத்து நாலு ஃப்ரேம் எடுக்க வேண்டும். அப்புறம் பூசணிக்காய் உடைக்க வேண்டும். இல்லாவிட்டால் உயிருக்கு ஆகாதாம். பெஞ்சமின் சார் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், ஆனாலும் பூசணிக்காய் வாங்கினீர்களா என்று முதலில் கேட்பது அவர்தான். டைரக்டர் மறந்தாலும் அவர் மறக்க மாட்டார், "வேதா, சிரி" என்பார். நாளாக ஆக அவர் சொல்லவும் வேண்டியதில்லை. ஷாட் முடிந்த சத்தம் காதில் விழுந்தால் என் முகம் தானாகக் கேமரா பக்கம் திரும்பும், வாய் தானாகச் சிரிக்கும். அப்புறம் போனை வாங்கிச் சுகந்திக்கு அடிப்பேன். சுகந்தி என் மகள், அம்பத்தூரில் இருக்கிறாள். "செத்துட்டேன்டி. சாப்டியா?" என்பேன். ஆரம்பத்தில் திட்டுவாள், இப்போதெல்லாம், "எத்தனை மணிக்கும்மா எழுந்தே?" என்று அவளும் கேட்கிறாள். பேத்திதான் பாவம். நாலு வயசில் டிவியில் என்னைப் பாடையில் பார்த்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க அழுதாளாம், ஓடிப்போய் உட்கார்ந்து, "பாரு, ஆயா மூக்கைத் தொட்டுப் பாரு, மூச்சு வருது பாரு" என்று காட்ட வேண்டியிருந்தது. கையைப் பற்றி சுகந்தியிடம் சொல்லவில்லை. சொன்னால் வந்து பெட்டியைக் கட்டிவிடுவாள். நல்ல பெண்தான், வா என்றுதான் சொல்கிறாள், மருமகனும் தங்கமானவர். ஆனால் அங்கே போய் நான் என்ன செய்வேன், உயிரோடு உட்கார்ந்திருப்பதா?

வந்துவிட்டது. கட்டை விரல். இல்லை, சும்மா தோன்றியது. இல்லை, வந்துவிட்டது. குனிந்து பார்க்க முடியாது, தலை அசையும். கைப்பிடியின் வழவழப்பு விரலுக்கடியில் வந்து வந்து போகிறது, அதை வைத்துத்தான் தெரிகிறது. எண்ணெய் ஊற்று, நல்லெண்ணெய், தாராளமாக ஊற்று, கடுகு, வெந்தயம். சனியனே, கொஞ்சம் பொறு, இன்னும் நாலு நிமிடம்தானே. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் அடங்கும். ஆனால் பிடித்தால் நரம்பு புடைக்கும், டீக்குக் காத்திருக்கிறவள் எதற்காக நாற்காலியை இப்படிப் பிடித்துக்கொள்ளப் போகிறாள், லென்ஸில் அப்பட்டமாகத் தெரியும். காயைப் போடு. இங்கிருந்து கேமரா எவ்வளவு தூரம்? நாலாவது கதவுச் சத்தம் இன்னும் வரவில்லை. அந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் விரல் ஆடுவது தெரியுமா? இப்போதெல்லாம் கேமராவில் எறும்பு நடந்தாலும் தெரிகிறது. தியேட்டரில் கை எவ்வளவு பெரிசாக இருக்கும்? ஒரு கதவு அளவு இருக்குமா? அந்தக் கதவு இப்படி ஆடினால்? மணிக்கட்டுக்கு ஏறுகிறது. புளி கரைத்தேனா? கரைத்தேன். கரைக்கவில்லை. எல்லாம் வதங்கிவிட்டது, ஊற்றப் புளித்தண்ணீர் இல்லை, அடி பிடிக்கப் போகிறது. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு ஷாட் நான் கெடுத்ததில்லை, யாரும் என்னால் ஒன் மோர் சொன்னதில்லை. இப்போது கெட்டால் நாளைக்குப் பனி வராது, நாளைக்கு பங்களாவே கிடையாது. அந்தத் தம்பி மூன்று வருஷமாக இந்தப் படத்துக்காக அலைந்திருக்கிறார். ஒரு மாத்திரை, தம்பி, மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? வாயை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தாயே, இப்போது என்ன செய்யப்போகிறாய்? நாலாவது கதவு. பயமாக இருக்கிறது. இந்த வீட்டில் ஒன்பது நாளாக வராத பயம் இப்போது வருகிறது. மூச்சு நெஞ்சுக்கு ஏறிவிட்டது. விலாவில் விடு. ஜன்னலைப் பார். பனி கண்ணாடியில் பட்டுத் தண்ணீராகி ஒரு கோடு இறங்குகிறது, அது எங்கே போகிறது என்று மட்டும் பார். இறங்குகிறது, நிற்கிறது, இன்னொரு துளியோடு சேர்ந்து மறுபடியும் இறங்குகிறது.

பட்.

அப்பாடா. கிளாப். முடிந்தது. ஆடினதோ ஆடவில்லையோ, முடிந்தது. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, தோள் தளர்ந்தது, பசிகூட எடுத்தது. முகம் தானாகத் தோளுக்கு மேலே திரும்பியது, பெஞ்சமின் சார் எங்கே என்று கண் தேடியது, வாய் நன்றாக மலர்ந்து சிரித்தது. வந்துவிட்டீர்களா, வாருங்கள், உட்காருங்கள் என்று வீட்டுக்கு வந்தவர்களைப் பார்த்துச் சிரிப்போமே, அப்படி. சிரித்த பிறகுதான் பார்த்தேன். எனக்கும் கேமராவுக்கும் நடுவில் பாதி வழியில் பார்கவி நின்றுகொண்டிருக்கிறாள். கையில் விளக்கு. முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்குப் பின்னால் ட்ராலி இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. முல்லைக்கொடி கிளாப் கட்டையைத் திறந்தபடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் அப்படியே நிற்கிறாள், தட்டவே இல்லை. மாடியில் ஏதோ ஜன்னல் கதவு இன்னொரு தரம் காற்றில் அடித்தது. பட்.

ஐயோ.

திரும்பிவிடலாமா? திரும்பினால் தப்பு தப்பாகவே தெரியும். எழுந்து மன்னிப்புக் கேட்கலாமா? கட் என்று சொல்லாமல் எழுந்து எனக்குப் பழக்கமில்லை. சிரிப்பை எடுத்துவிடலாமா என்றால், போட்ட சிரிப்பை எப்படி எடுப்பது, அதற்கும் ஒரு முகம் வேண்டுமே. அசையக்கூடாது என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. கிளாப் கேட்கும்வரை அசையாதே என்றார்கள், கிளாப் இன்னும் கேட்கவில்லை. சரி, இந்தச் சிரிப்போடு இருந்துவிட வேண்டியதுதான். இருந்தேன். கை மட்டும் எனக்கு அடங்கவில்லை, இப்போது விரல், மணிக்கட்டு எல்லாம் சேர்ந்து கைப்பிடியில் டொக் டொக்கென்று தட்டுகிறது, அந்த அமைதியில் அது எனக்கே கேட்கிறது. தட்டினால் தட்டிக்கொள். இனிமேல் உன்னை எதற்கு மறைப்பது? மறைத்து மறைத்து ஆறு மாசமாக எனக்கே அலுத்துவிட்டது. அப்படி நினைத்ததும் மூச்சு நெஞ்சிலிருந்து இறங்கி விலாவுக்குப் போய்விட்டது, ஆச்சரியமாக இருந்தது. பார்கவியின் முகத்தைப் பார்த்தேன். சின்னப் பெண், குளிரில் உதடு வெடித்திருக்கிறது. பாவம், எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள், ஒரு டீ கொடுத்தால் தேவலை என்று நிஜமாகவே தோன்றியது. அவள் என் கண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாக, மெதுவாக முழங்கால் மடித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். விளக்கைப் பக்கத்தில் வைத்தாள். ட்ராலி அவளைத் தாண்டி என்னிடம் வந்தது. லென்ஸின் கறுப்பு வட்டத்துக்குள் குட்டியாக ஒரு கிழவி நாவல்பழப் பட்டில் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் முல்லைக்கொடி கட்டையைத் தட்டினாள், சத்தம் சரியாகக்கூட வரவில்லை.

"கட்" என்று சொல்ல டைரக்டர் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.  பங்களாவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இளம்பரிதி தம்பி பக்கத்து அறையில் இருந்த மானிட்டரை விட்டு எழுந்து வந்தார், பார்கவிக்குக் கைகொடுத்து எழுப்பிவிட்டார், என் முன்னால் வந்து பழையபடி குந்தி உட்கார்ந்தார்.

"யாரும்மா உங்களைத் திரும்பச் சொன்னது?"

"யாரும் சொல்லல தம்பி. மாடில கதவு அடிச்சுது, கிளாப்னு நெனச்சுட்டேன். ஷாட் முடிஞ்சா சிரிச்சிருவேன். பழக்கம். மன்னிச்சுக்குங்க."

"அதுக்கப்புறம் ஏன் திரும்பல?"

"நீங்க கட் சொல்லலையே."

 அவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு முதுகெல்லாம் சில்லுனு ஆயிடுச்சும்மா. நான் எழுதினது இது இல்ல. நான் எழுதினதைவிட..." என்று ஆரம்பித்து முடிக்காமல், கதையில் பின்பாதி முழுக்க மாற்ற வேண்டும், எல்லாம் போச்சு என்று தனக்குத்தானே முனகினார். முனகினாலும் முகத்தில் தூக்கத்தைக் காணோம். பார்கவி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஆன்ட்டி, டீ குடுக்கக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு, போயிடலாமான்னு தோணிச்சு, அதான் பயம்," என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதுதான் முல்லைக்கொடி என் கையைப் பார்த்தாள். அது இன்னும் கைப்பிடியில் தட்டிக்கொண்டுதான் இருந்தது.

"ஐயோ, வேதம்மாக்குக் குளிர்ல நடுங்குது. யாராவது ஷால் கொண்டு வாங்க!"

குளிர். எவ்வளவு நல்ல பொய், அதுவும் நான் சொல்லவேண்டியதுகூட இல்லை, சும்மா ஷாலை வாங்கிப் போர்த்திக்கொண்டால் போதும். இந்தப் படம் முடியும், அடுத்த படம் வரும், அதற்கும் ஒரு மாலையோ போர்வையோ கிடைக்கும். ஷால் வந்தது. நல்ல கம்பளி, சூடாக இருந்தது. போர்த்திக்கொண்டேன். கையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டேன்.

"குளிர் இல்லம்மா," என்றேன். "ஆறு மாசமா இப்படித்தான். நரம்பு. மாத்திரை போட்டா நிக்கும், பை வேன்ல இருக்கு. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா கூப்பிட மாட்டாங்களேன்னு சொல்லல."

சொல்லிவிட்டேன். ஆறு மாசம் தொண்டையில் இருந்தது, மூச்சுவிடுகிற நேரத்தில் வெளியே வந்து விழுந்துவிட்டது.  கேமராவுக்குப் பின்னாலிருந்து பெஞ்சமின் சார் தலையை நீட்டினார்.

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"இருபத்தாறு வருஷமா லென்ஸ்ல பாக்கறேன், உன் கை தெரியாதா? போன படத்துல ரோஜா மாலையை எடுத்து உன் கை மேல போட்டது யாருன்னு நெனச்சே?"

 கேமராவை விட்டு ஓடிவந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார், நான் கண்ணை மூடிக்கொண்டு ஆர்ட் டிபார்ட்மெண்டுக்கு ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இளம்பரிதி தம்பி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அம்மா, பொணத்துக்குத்தான் ஆடக்கூடாது," என்றார். "பேய்க்கு ஆடலாம். இந்தப் படத்துல இன்னும் எட்டு நாள் வேலை இருக்கு உங்களுக்கு, இந்த வீட்டைச் சென்னைல செட் போட்டாவது எடுப்பேன். நான் உக்காந்து எழுதணும். மாத்திரை எந்தெந்த வேளைன்னு முல்லைகிட்ட சொல்லிடுங்க, அதை வச்சுத்தான் ஷாட் போடுவேன்." முப்பத்தோரு வருஷம் கழித்துப் பொணத்திலிருந்து முகம் தெரிகிற பேயாகப் பதவி உயர்வு வந்திருக்கிறது, இதை எப்படிச் சுகந்தியிடம் சொல்வது என்று யோசித்தேன். முதலில் கையைத்தான் சொல்ல வேண்டும். திட்டுவாள், திட்டட்டும்.

வெளியே பனி விலகி, தேயிலைச் செடிகள் முதல் வரிசை வரைக்கும் தெரிய ஆரம்பித்திருந்தது. பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள், உடைக்கத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். எல்லோரும் கலையப் பார்த்தபோது பெஞ்சமின் சார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு, இரு. வேதா, சிரி."

"இப்பத்தானே சார் சிரிச்சேன். ஊரே பாத்துச்சு."

"அது பேய் சிரிச்சது. நீ சிரி."

சிரிக்கப் பார்த்தேன். வாய் கோணிக்கொண்டு அழுகைப் பக்கமே போயிற்று. முப்பத்தோரு வருஷத்தில் சொன்னவுடன் சிரிப்பு வராதது இதுதான் முதல் தடவை. பார்கவி கேமராவுக்குப் பின்னால் போய் நின்று, குழந்தையை போட்டோவுக்குப் பார்க்க வைப்பது போலக் கையை உயர்த்தினாள்.

"ஆன்ட்டி, இங்க பாருங்க. கேமராவுக்கு டாட்டா காட்டுங்க!"

வலது கையைத் தூக்கினேன். தூக்கினது மட்டும்தான் நான், ஆட்டுகிற வேலையை அதுவே பார்த்துக்கொண்டது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.